அஸ்னாவின் கவனப் பூட்டு

இலங்கையில், புத்தளத்துத் தில்லையடியில் அஸ்னாவைத் தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சின்ன வயதில் மத்ரஸாவில் ஒரு பாயில் உட்கார வைத்தால் இன்னொரு பாயிலிருந்துதான் எழும்புவாள். கலியாணம் முடித்த பிறகும் அதே கதைதான். அடுப்பில் சோறு கொதிக்கும்போது முற்றம் கூட்டப் போவாள். பாதி கூட்டியதும் துவைத்த உடுப்பு ஞாபகம் வரும். உடுப்புக் காயப் போடப் போன இடத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்பார்கள். உள்ளே சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் மணக்கும். "கால்ல சில்லுப் பூட்டிப் பெத்த புள்ள" என்று அந்தச் சக்கரக் காலைத் திட்டியபடி அவளுடைய மாமியார் ஸக்கியா பானையைச் சுரண்டுவார்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். மற்றவர்களின் நேரத்தை ஒழுங்குபடுத்துகிற வேலை. அவுஸ்திரேலியாவில் பேர்த் என்ற ஊரில் ஒரு மிருக வைத்தியசாலை. அதை நடத்துகிறவர் ஹெலன் என்ற டொக்டர். எந்த நாய் எத்தனை மணிக்கு வரும், எந்தப் பூனைக்கு எந்த அறை, யாருக்கு ஊசி, யாருக்கு நகம் வெட்டு என்பதெல்லாம் புத்தளத்தில் ஓர் அறைக்குள், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே, அஸ்னாவின் மடிக்கணினியில்தான் நடந்தது. அங்கே மணி ஒன்பதடிக்கும்போது இங்கே காலை ஆறரை. ஆறரைக்கு அவள் கதிரையில் இருக்க வேண்டும்.

ஸக்கியா மாமிக்கு இந்த வேலையின் தன்மை விளங்கச் சில நாள் எடுத்தது. விளங்கியதும் வாசலில் நின்று தலையைத் தலையை ஆட்டினார். "நாய்க்குப் பல்லு வெளக்க ஒரு நேரம், நகம் வெட்ட ஒரு நேரம். இங்க மனிசருக்குப் பல்லு வலிச்சா சுபஹுத் தொழுகையோட போய் நம்பர் எடுக்கணும். அல்லாட ஒலகம் எப்பிடிப் போகுது பாரு." தெருவில் சில பெண்கள் அவளுக்கு 'நாய் மிஸ்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அஸ்னா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம், அந்த வேலையில்தான் அவளுடைய புருஷன் தொங்கிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். றிஸ்மின் அவளைக் கலியாணம் முடித்து, கையில் மருதோண்டி மங்குவதற்குள் கத்தாருக்குப் போனவன். அங்கே ஒரு பெரிய கடையின் களஞ்சியத்தில் வேலை. லீவில் வந்தான், போனான். வந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். பிள்ளை இல்லையா, பிள்ளை இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு அஸ்னா ஒருமுறை பொறுமை இழந்து, "போன்ல புள்ள பெறுற வழி இருந்தா செல்லித் தாங்க" என்று கேட்டுவிட்டாள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. இந்த வருடம் நோன்புப் பெருநாளோடு றிஸ்மினின் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்து வைத்தால் இன்னும் இரண்டு வருடம். ஹெலனிடம் அஸ்னாவின் வேலை அதுவரை தவணை வேலைதான், சரிவந்தால் நிரந்தரம். "உனக்கு நிரந்தரமாகிட்டா நான் கையெழுத்து வெக்க மாட்டேன். வந்து சேர்றேன். ரெண்டு பேருமாச் சேந்து இங்க ஏதாச்சும் செஞ்சு சாப்பிடலாம்" என்று றிஸ்மின் சொல்லியிருந்தான். கணக்கு அவ்வளவுதான். அந்த வேலை கிடைத்தால் புருஷன் வீட்டுக்கு வருவான்.

ஆகவே அஸ்னா தன் காலிலிருந்த சில்லைக் கழற்ற முடிவு செய்தாள். அதற்கு அவள் நாடிப் போனது மென்பொருள்களை.

முதலில் வேலைப் பட்டியல் போடுகிற ஒன்றை இறக்கினாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம். நிறத்தைத் தெரிவு செய்வதிலேயே ஒரு காலைப் பொழுது போனது. பிறகு அது சரியில்லை என்று அட்டைகளை இடமிருந்து வலமாக நகர்த்துகிற ஒரு பலகை. அதற்குப் பிறகு தக்காளிப்பழ உருவத்தில் ஒரு மணிக்கூடு. கொஞ்ச நேரம் வேலை, கொஞ்ச நேரம் ஓய்வு என்று அடித்துச் சொல்லும். ஓய்வுக்கு எழும்பியவள் திரும்பி வந்தால்தானே. இன்னொன்று, போனைத் தொடாமல் இருந்தால் திரையில் ஒரு மரம் வளரும், தொட்டால் பட்டுப்போகும். அஸ்னா நட்டதில் ஒரு மரம்கூட முழங்கால் உயரம் வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் ஒவ்வொரு கிழமையும் கூடத்தையே மாற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அகப்பட்டதுதான் பூட்டு. அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெரிய பெயர். அவள் வைத்த பெயர் கவனப் பூட்டு. காலையில் அதைப் போட்டுவிட்டால் அவள் அனுமதித்த பக்கங்கள் மட்டும்தான் திறக்கும்: வைத்தியசாலையின் மெயில், நாட்காட்டி, கூட்டம் நடத்துகிற பக்கம். வேறு எதுவும் அசையாது. போனையும் அதோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். பன்னிரண்டு மணி வரை எந்தச் செய்தியும் வராது, எந்த அழைப்பும் அடிக்காது. கணினியை அணைத்துப் போட்டாலும் விடாது. அறிவிப்பு என்று எதுவும் எட்டிப்பார்க்காதபடி அத்தனையையும் அடைத்தாள். நாட்காட்டியில்கூட நாளைய வேலை கண்ணில் பட்டு மனதைக் கலைக்கும் என்று, இன்றைய நாள் மட்டும் தெரிகிறமாதிரி மாற்றி வைத்தாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். பூட்டு வேலை செய்தது. அஸ்னா கதிரையில் இருந்தாள். கால் ஆடியது, விரல் மேசையில் தாளம் போட்டது, ஆனாலும் இருந்தாள். ஹெலன் சந்தோஷப்பட்டார். ஒருநாள் கூட்டத்தில் கதைத்துக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒரு கழுதை நின்று கத்த, அஸ்னா வெட்கத்தில் செத்துப் போனாள். ஹெலனோ கழுதையைக் காட்டும்படி கேட்டு, அதன் குளம்பை யாராவது பார்க்கிறார்களா என்று விசாரித்தார்.

றிஸ்மினுக்கும் சட்டம் போட்டாயிற்று. பன்னிரண்டு மணிக்கு முன்னர் போன் கோல் எடுக்கக் கூடாது.

"ஏதும் அவசரமெண்டா?" என்று கேட்டான் அவன்.

"உம்மாட போனுக்கு எடுங்க."

"உம்மாட்ட என்னத்தக் கதைக்கிற? கோழி முட்ட போட்டத் தவிர அவட்ட வேற நியூஸ் இல்லயே."

சிரித்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இனி அவள் செய்த தவறுக்கு வருகிறேன். நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. நோன்பு தொடங்குவதற்கு முன்பே ஹெலன் அவளிடம், உனக்கு லீவு வேண்டிய நாட்களை நாட்காட்டியில் போட்டுவிடு என்று சொல்லியிருந்தார். அஸ்னா கணினி நாட்காட்டியைத் திறந்தாள். நோன்புப் பெருநாள் புதன்கிழமை என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. புதனுக்கு லீவு போட்டாள். ஹெலன் சம்மதித்தார். இங்கத்தைய நேரப்படி வியாழன் காலை எட்டு மணிக்கு, வேலை நிரந்தரமா இல்லையா என்று முடிவு சொல்கிற கூட்டத்தை வைத்தார்.

நோன்பு பிடிக்கிற வீட்டில் பிறந்த ஒரு பிள்ளை செய்கிற வேலையா இது? புத்தளத்தில் பெருநாள் உடுப்புத் தைக்கிற டெய்லர்கூட, "பிறை கண்டா நாளைக்கு, இல்லாட்டி மத்த நாள்" என்றுதான் சொல்வான். இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு ஊர் மேற்கே பார்க்கும், வானொலியில் அறிவிப்பு வரும், அதன் பிறகுதான் பெருநாள் எப்போது என்று பேச்சு. எங்கேயோ இருக்கிற கணினிக்கு நம் வானத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அஸ்னா அந்த நாட்களில் திரையில் எழுதியிருந்தால் போதும், அதை அப்படியே நம்புகிறவளாகிவிட்டாள்.

செவ்வாய் மாலை பிறை தென்படவில்லை. நோன்பை முப்பதாகப் பூர்த்தி செய்து வியாழன் பெருநாள் என்று அறிவிப்பு வந்தது. ஊரில் எல்லோரும் செய்வதுபோல அஸ்னாவும் அந்த அறிவித்தல் படத்தைத் தன் போனில் ஸ்டேட்டஸாகப் போட்டாள். போட்டுவிட்டு பெருநாள் இனிப்பான வட்டிலாப்பத்துக்குக் கருப்பட்டி சீவ உட்கார்ந்தவளுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. லீவு எடுத்திருப்பது நாளைக்கு. பெருநாள் நாளை மறுநாள். கூட்டமும் நாளை மறுநாள்.

"டொக்டர்ட்ட செல்லேன் மகள்" என்றார் மாமி. "பிறை நம்மட கையிலயா இரிக்கி?"

"செல்ல ஏலா மாமி. தன்ட பெருநாள் எப்பெண்டே தெரியாதவ, எங்கட நேரத்த எப்பிடிப் பாப்பா எண்டு நெனைக்க மாட்டாவா? அதுவும் முடிவு செல்லப் போற நேரத்துல."

"அதுக்காகப் பெருநாளண்டு நாய்ப் பல்லோட மாரடிக்கப் போறியா?"

"ஒரே ஒரு நாள் தானே. உங்கட மகன் வந்தா பொறகு எல்லா நாளும் பெருநாள் தான்" என்றாள் அஸ்னா. மகன் வருவான் என்ற சொல்லுக்கு எதிராக எந்தத் தாய் வாதாடுவாள்?

புதன்கிழமை இங்கே முப்பதாம் நோன்பு, கத்தாரில் பெருநாள். றிஸ்மின் புதுச் சட்டையோடு வீடியோவில் வந்தான். அவனுடைய மனேஜர் வியாழன் பின்னேரம் தன் ஊருக்குப் பறக்கிறாராம். ஒப்பந்தம் முடிகிறவர்கள் அதற்குள் இருக்கிறேன், இல்லை என்று சொல்லிவிட வேண்டுமாம்.

"நாளைக்கு எட்டு மணிக்கு ஹெலன் செல்லிருவா. உடனே கோல் எடுக்குறேன்" என்றாள் அஸ்னா.

"அவசரமில்ல. அந்தாள் போறது பின்னேரம் தானே" என்றான் றிஸ்மின். அவன் அப்படித்தான், வீடு பற்றியெரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான். இன்னும் கொஞ்சம் கதைக்கலாம் என்று இழுத்துப் பார்த்தான். அவள் நாளைக்கான நாய், பூனை நேரங்களை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

பெருநாள் காலை வந்தது. பள்ளிவாசலில் தக்பீர் ஒலித்தது. தெருவெல்லாம் அத்தர் மணம். மாமி குளித்து, வெள்ளை உடுத்துத் தொழுகைக்குப் புறப்படும்போது ஒருமுறை அறைக்குள் எட்டிப் பார்த்தார். அஸ்னா புது உடுப்போடு கதிரையில் இருந்தாள். பூட்டுப் போட்டாயிற்று, பன்னிரண்டு வரை. மாமி தனியே போனார்.

எட்டு மணிக்குச் சற்று முன்னர், நாட்காட்டியில் இருந்த கூட்டத்தின் பெட்டி காணாமல் போயிருப்பதை அஸ்னா கண்டாள். ஆறரைக்கு இருந்தது. ஹெலன் என்று எழுதி, நீல நிறத்தில், அவள் கண்ணால் கண்டது. இப்போது அந்த இடம் வெறுமை. ஏதோ பிழை என்று பக்கத்தைப் புதுப்பித்தாள். வரவில்லை. கூட்டத்தின் பழைய இணைப்புக்குள் போய் நின்றாள். நடத்துகிறவர் இன்னும் வரவில்லை என்று திரை சொன்னது. எட்டு மணி கடந்தது. ஹெலன் வரவில்லை.

மெயில் எழுதினாள். அனுப்பிய மறு நிமிடமே அது அவளுக்கே வந்து சேர்ந்தது, ஏனென்றால் வைத்தியசாலைக்கு வருகிற மெயிலை வாசிக்கிறவளும் அவள்தான். ஹெலனுடன் தனியாகக் கதைக்க இருப்பது போனில் ஒரேயொரு வழி. அந்தப் போனோ ஹெலனின் நம்பரோடு பூட்டுக்குள் கிடந்தது.

எழும்பினாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழும்பினாள். போன கிழமை ஒரு பூனையையும் ஒரு பெரிய நாயையும் ஒரே நேரத்துக்கு ஒரே அறைக்குள் போட்டுவிட்டாள். ஹெலன் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இப்போது நினைக்க அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்ததுபோலத் தெரிந்தது. நேற்று லீவு எடுத்துவிட்டு இன்று ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்திருக்கிறேன், எப்படியோ தெரிந்துவிட்டது, பொய்க்காரி என்று நினைத்துவிட்டார். முடிவு சொல்கிற கூட்டத்தையே அழித்துவிட்டார் என்றால் அதுதானே முடிவு? பயம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் காரணங்களைத் தானே சோடித்துக்கொண்டு வரும். ஒன்பது மணியாகும்போது அஸ்னாவின் மனதில் அந்த வேலை போய், அடக்கமும் செய்தாயிற்று.

மாமி தொழுகை முடிந்து வந்தபோது அவள் அறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு வேல இல்ல மாமி."

"செல்லிட்டாவா?"

"செல்லத் தேவ இல்ல. கூட்டத்தையே அழிச்சிட்டா."

"வாயால செல்லாத ஒண்ட நீயா எப்பிடி முடிவெடுக்குற? அவங்களுக்கு என்ன வேலயோ. பகல் மட்டும் பொறு மகள். போன் தெறக்கட்டும், கேப்பம்."

நல்ல வார்த்தை. ஆனால் பொறுப்பதுதான் அஸ்னாவால் முடியாத ஒரே காரியம். பகல் வரை அந்தப் பயத்தோடு ஒரே அறையில் இருப்பதைவிட, கெட்டதோ நல்லதோ ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. மாமி உடுப்பை மாற்ற உள்ளே போன நேரம், மேசையில் கிடந்த மாமியின் போனை எடுத்து றிஸ்மினை அழைத்தாள்.

"ஈத் முபாரக் உம்மா" என்றான் அவன்.

"நான்தான். வேல கெடைக்கல்ல. கையெழுத்த வெச்சிடுங்க."

"அவ அப்பிடிச் சென்னாவா?" என்று கேட்டான்.

"ஓம்" என்றாள் அஸ்னா. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால், விளக்கம் சொல்ல மனதில் தெம்பில்லை என்பாள். எப்படியானாலும் அந்த 'ஓம்' பொய்தான்.

"பின்னேரம் மட்டும் பாப்பமே."

"பாத்து என்ன செய்யிற? நீங்க எல்லாத்தையும் இழுத்தடிக்கிற. அந்த மனுசன் பிளேன் ஏறிட்டா இந்தத் தொழிலும் இல்ல, அந்தத் தொழிலும் இல்ல. பொறகு ரெண்டு பேரும் காத்தையா குடிக்கிற? இப்பவே போய் வெச்சிட்டு வாங்க."

"சரி" என்றான் றிஸ்மின். "நீ அழாத."

போனை வைத்த பிறகு அவளுக்கு ஒருவிதமான அமைதிகூட வந்தது. முகம் கழுவினாள். வந்தவர்களுக்கு வட்டிலாப்பம் வெட்டிக் கொடுத்தாள். நாய்களுக்கும் பூனைகளுக்கும் நேரம் கொடுக்கிற வேலையையும் விடவில்லை. கடைசி நாளென்றாலும் குறை வைக்கக் கூடாது என்று ஒரு வீம்பு.

பன்னிரண்டுக்குப் பூட்டுத் திறந்தது. மேசையில் கிடந்த போன் ஒரேயடியாக நடுங்கத் தொடங்கியது. ஈத் முபாரக், ஈத் முபாரக், பூப் படங்கள், பிரியாணிப் படங்கள், சாச்சியின் குரல் செய்தி. அவற்றின் நடுவே ஹெலன். காலை ஏழு மணிக்கு வந்த செய்தி.

நேற்று உன் ஸ்டேட்டஸில் பார்த்த படம் என்னவென்று இப்போதுதான் விளங்கியது, இன்றுதான் உங்கள் பெருநாள் என்று ஏன் சொல்லவில்லை, என்று கேட்டிருந்தார் ஹெலன். உடனே கணினியை மூடிவிட்டுக் குடும்பத்தோடு இரு, இன்றைக்கு நாங்கள் சமாளிப்போம். வேலை மெயிலில் எழுதினால் நீ வேலையைத் தொடுவாய் என்றுதான் இதை இங்கே எழுதுகிறேன். கூட்டத்தைத் திங்கட்கிழமைக்கு மாற்றியிருக்கிறேன். பயந்துகொண்டு இருக்காதே, வேலை உன்னுடையதுதான். திங்களன்று சம்பளத்தையும் லீவையும் பற்றி மட்டும் கதைப்போம்.

அஸ்னா நாட்காட்டியை முழு மாதமும் தெரிகிறமாதிரி மாற்றினாள். திங்கட்கிழமையில் அந்த நீலப் பெட்டி இருந்தது. ஹெலன் என்று எழுதியிருந்தது. காலையிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது.

"வேல கெடச்சிட்டு" என்று அவள் போட்ட சத்தம் குசினி அடுப்பு வரை கேட்டது. அதே மூச்சில் றிஸ்மினை அழைத்தாள். விரல் அவசரத்தில் இரண்டு தரம் பிழையான பெயரில் பட்டது. மூன்றாம் தரம் அவன் எடுத்தான்.

"வெச்சிட்டீங்களா?"

"என்ன?"

"கையெழுத்து. கையெழுத்து வெச்சிட்டீங்களா?"

"நீ செல்லி, போன வெச்சதும் போய் வெச்சேன். மனேஜர் கையோட மேல அனுப்பிட்டாரு. ஏன்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டு, திங்கட்கிழமை, ஹெலன் ஒன்றுமே சொல்லாதபோது ஓம் என்று தான் சொன்னது. திருப்பி வாங்க ஏலாதா, அந்த மனேஜரின் காலில் விழுந்தாவது, என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷம் அஸ்னா. கம்பனிக் கடுதாசி" என்றான் அவன். கோபமில்லை அந்தக் குரலில்; கோபித்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "எல்லாத்தையும் இழுத்தடிக்கிற நான், இண்டைக்குப் போய் அவசரப்பட்டுட்டேனே."

அதற்குள் ஸக்கியா மாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். குசினிக்குக் கேட்டது முதல் சத்தம் மட்டும்தான். முகமெல்லாம் பெருநாள். அஸ்னா தடுப்பதற்குள் போனை அவள் கையிலிருந்து எடுத்துக் காதில் வைத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ் மகன். கேட்டியா, வேல கெடச்சிட்டாம். அப்ப நீ எப்ப வாற?"

றிஸ்மின் என்ன சொன்னான் என்று அஸ்னாவுக்குக் கேட்கவில்லை. மாமி போனைக் காதிலிருந்து எடுக்காமலே கட்டிலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "ம்" என்றார். இன்னொரு தரம் "ம்" என்றார். அஸ்னாவைப் பார்க்கவேயில்லை.

"அதுக்கென்ன மகன்" என்றார் கடைசியில். "நீ சாப்பிட்டியா?"